யாரும் வாங்கிப் போகாத படம்

தாராபுரம்
14.8.1994

அன்புள்ள சாயிரா பானு அம்மணிக்கு,

தாராபுரம் பக்கம் தோட்டங்காடு வைத்திருக்கும் பொங்கியண்ணன் எழுதுவது. நீங்களும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. போன வாரம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டக் கோயமுத்தூர் வந்திருந்தேன். கடைக்காரர் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். போக்கிடம் இல்லாமல் நின்றபோது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பழைய போட்டோ கண்காட்சி என்று தட்டி கட்டியிருந்தது. நிழலாக இருக்குமே என்றுதான் உள்ளே வந்தேன்.

கடைசி வரிசையில் ஒரு புருஷன் பெண்சாதி படம் வைத்திருந்தீர்கள். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் பக்கத்தில் நிற்கிறான். கீழே 'பெயர் தெரியாத தம்பதி' என்று எழுதியிருந்தது.

அந்தப் பெண் என் அக்கா செல்லாத்தாள் என்று நினைக்கிறேன்.

நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஐம்பத்தாறாம் வருஷம் அக்கா வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பத்து வயசு. எங்கள் வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை வருஷமாக மனசில் இருக்கிற முகத்தைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அது தேய்ந்து வேறு முகமாகக்கூட ஆகியிருக்கலாம்.

அன்றைக்கே உங்களிடம் வந்து கேட்டிருக்க வேண்டும். நீங்கள் யாரோ பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். வாசல் வரைக்கும் வந்துவிட்டு அப்படியே போய்விட்டேன். வாசலில் கொடுத்த துண்டுத்தாளில் உங்கள் விலாசம் இருந்ததால் எழுதுகிறேன். அந்தப் படம் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன்


கோட்டைமேடு, கோயமுத்தூர்
22.8.1994

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து என் மாமியாரிடம் திட்டும் வாங்கினேன். இத்தனை வருஷம் படம் சேர்க்கிறேன், "இது எங்கள் வீட்டு ஆள்" என்று ஒருவரும் எழுதியதில்லை அண்ணா. நீங்கள்தான் முதல்.

என் வீட்டுக்காரர் அப்துல் நாசர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் காலண்டர் படத்தைப் போட்டுத் தரச் சொல்லிப் பலர் வருவார்கள். "பழசை என்னங்க பண்றது?" என்று கேட்டால், "நீங்களே தூக்கிப் போட்டிருங்க" என்பார்கள். அப்படித் தூக்கிப் போட மனசு வராமல் நான் எடுத்து வைத்தவைதான் முதலில் சேர்ந்தவை. பிறகு பழைய பேப்பர் கடைகளில் நானே தேட ஆரம்பித்தேன். ஊர்ப் படம் போட்ட தபால் அட்டைகள், ஸ்டுடியோ படங்கள் என்று இப்போது கட்டிலுக்கு அடியிலும் இடமில்லை. செருப்பு, கைக்கடிகாரம், பின்னால் தொங்கும் திரைச்சீலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இது எந்த வருஷம், எந்த ஊர் என்று கண்டுபிடிப்பேன். "போட்டோவுக்கு ஜாதகம் பாக்கறவ" என்று வீட்டில் கேலி.

உங்கள் படத்தின் ஜாதகம் இதுதான். அது தபால் அட்டையில் அச்சிட்டது. அந்தக் காலத்தில் அப்படிக் கொடுப்பார்கள், பின்னால் நாலு வரி எழுதி ஸ்டாம்பு ஒட்டி ஊருக்கு அனுப்பிவிடலாம். இதில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஸ்டுடியோ முத்திரை மட்டும் இருக்கிறது. மை பரவிப்போய் '...க்கரை' என்ற கடைசி எழுத்துகள்தான் தெரிகின்றன. பசை ஒட்டிய அடையாளமோ ஆணி குத்திய ஓட்டையோ இல்லை, மூலைகூட மழுங்கவில்லை. எடுத்தவர்கள் அதை வாங்கிப் போகவே இல்லை என்று தோன்றுகிறது. ஸ்டுடியோவிலேயே கிடந்து, அதை மூடியபோது கட்டோடு எடைக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவுக்கு ஏதாவது அங்க அடையாளம் உண்டா? எழுதுங்கள்.

அன்புடன்,
சாயிரா பானு


தாராபுரம்
3.9.1994

அன்புள்ள அம்மணிக்கு,

படம் வந்து சேர்ந்தது. முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு செய்திருக்கிறீர்கள். ஆனால் படத்தைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவுக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடித் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் விழுந்துவிட்டாள். என்னைக் கீழே விடாமல் முகத்தைக் கொடுத்தாளாம். அந்த இடத்தில் பிறகு முடி முளைக்கவில்லை. கண்காட்சியில் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் நான் நின்றது. இப்போது வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால், படத்தில் இருக்கிற பெண்ணுக்கு அது இடது புருவத்தில் இருக்கிறது. தழும்பு இடம் மாறுமா?

அக்கா போனது எங்கள் சாதி இல்லாத ஒருவரோடு. ஊரில் சாலை போட வந்தவர். அவர் பெயரைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பிளசர் கார் பிடித்து ஆட்களோடு தேடிப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, "எங்கியும் கெடைக்கலே, செத்துப் போயிட்டான்னு நெனச்சுக்குங்க" என்றார். எல்லோரும் தலை முழுகினோம். எனக்கும் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கப்புறம் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற இணைச்சீருக்குச் சித்தப்பா மகளைத்தான் நிறுத்தினார்கள்.

அப்பாவும் பெரியவர்களும் இப்போது இல்லை. வீட்டில் சொல்கிறவன் நான்தான். வா என்று கூப்பிட எனக்கு வாய் வந்திருக்கிற நேரத்தில் ஆள் எங்கே என்று தெரியவில்லை.

பொங்கியண்ணன்


கோட்டைமேடு
25.9.1994

அன்புள்ள அண்ணா,

தழும்பு இடம் மாறும்! உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தேன். நேற்று என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஓடிப்போய்ப் படத்தை எடுத்தேன். ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது மார்பில்தானே இருக்கும்? படத்தில் நிற்கிறவருக்கு வலது மார்பில் இருக்கிறது. பொத்தான் பட்டியும் மாறித்தான் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பிலிமைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார் அண்ணா. இடது வலதாகி, வலது இடதாகிவிட்டது. படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். தழும்பு வலது புருவத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று. இந்தப் படம் வந்த கட்டில் இருந்த மற்றப் படங்களையும் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில் சிமெண்ட் ஆலை வாசலில் தொழிலாளர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். '...க்கரை' என்றால் மதுக்கரைதான், சந்தேகமே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் படத்தோடு போய் விசாரிக்கிறேன்.

எனக்கே கை கால் ஓடவில்லை.

தங்கை,
சாயிரா


தாராபுரம்
4.10.1994

அன்புள்ள தங்கச்சிக்கு,

கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். அக்காதான். என் வீட்டுக்காரியும் பார்த்தாள். அவளுக்கு அக்காவைத் தெரியாது, ஆனாலும், "உங்க மூக்கேதானுங்க" என்று சொல்லி அழுதாள்.

பையன் மோகன்குமாருக்குத் தையில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. பத்திரிகையில் அத்தை என்று போட ஒரு பெயர் வேண்டும், மேடையில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். அக்கா வந்தால் அவளை வாசலிலிருந்து கையைப் பிடித்து நானே கூட்டிவருவேன். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். அவள் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைப்பேன். இதையெல்லாம் நீங்களே அவளிடம் சொல்லலாம். நானும் கூட வரட்டுமா? திடீரென்று நான் போய் நின்றால் பயந்துவிடுவாளோ என்றும் இருக்கிறது. நீங்கள் முதலில் பாருங்கள், உங்கள் கடிதம் வந்ததும் வருகிறேன்.

பொங்கியண்ணன்


தாராபுரம்
14.11.1994

அன்புள்ள தங்கச்சிக்கு,

தீபாவளியும் போய்விட்டது, உங்கள் கடிதம் வரவில்லை. இங்கே நல்ல மழை. அமராவதியில் தண்ணீர் போகிறது. உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? தபால்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலே எழுந்து நிற்கிறேன். அவரே இப்போது தூரத்திலிருந்து கையை ஆட்டி, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். மதுக்கரைக்குப் போகவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

பொங்கியண்ணன்


கோட்டைமேடு
18.11.1994

அன்புள்ள அண்ணா,

போனேன். போய்ப் பல நாள் ஆகிவிட்டது.

டீக்கடையில் சீனிவாசலு என்று ஒரு பெரியவர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தைக் கையில் வாங்கியதும், "அட, நம்ம காளிச்சாமியல்லோ! இவரு போயிச் சேந்துட்டாரேம்மா" என்றார். வீட்டையும் காட்டினார். அக்கா இருக்கிறார் அண்ணா. தலை முழுக்க வெள்ளை. வலது புருவத்தில் அந்தத் தழும்பு.

படத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார். "அய்யோ, இது எங்கிருந்துங்க அம்மணி கெடச்சுது? எடுத்ததோட செரி, நாங்க போயி வாங்கவே இல்லியே!" என்றார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது நானில்லீங்க" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். உங்கள் அப்பாவுக்கு அவர்கள் கிடைத்திருக்கிறார்கள் அண்ணா. படம் எடுத்த அதே வாரம். ஆட்கள் காளிச்சாமியைத் தெருவில் போட்டு அடித்துக் காலை ஒடித்துப்போட்டார்கள். உங்கள் அப்பா காரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் போட்டோ யாருக்கு நினைவிருக்கும்? கடைசி வரைக்கும் அவர் நொண்டித்தான் நடந்தாராம்.

"எனக்கு அப்பன் ஆத்தா, பொறந்தவன் எல்லாரும் காலராவுல போயிட்டாங்கன்னுதான் இங்க சொன்னேன். எம் மகளுக்கும் அதேதான். அவளைக் கட்டிக் குடுத்த எடத்துக்கும் அதேதான். எல்லாத்தையும் நானே சாகடிச்சுப் பொதைச்சுப்போட்டேனுங்க அம்மணி. இப்ப ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு வந்தா நான் என்ன பண்றது?"

நீங்கள் சொன்னதையெல்லாம் சொன்னேன். பெரியவர்கள் இல்லை, தம்பிதான் வீட்டுக்குத் தலை, முன்வரிசையில் உட்கார வைப்பார் என்றெல்லாம். "அவன் நல்லவந்தானுங்க. அவம் பொறத்தாண்டயே வர்ற ஊரு நல்லதுங்களா? எங்க அப்பன் என்ன செஞ்சாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். எம் மகளுக்கும் தெரிய வேண்டாம்" என்றார். பிறகு, "அவனுக்குத் தலையில முடி இருக்குதுங்களா? எங்கப்பனுக்குச் சுருக்காக் கொட்டிருச்சு" என்று கேட்டார். நான் உங்களை நேரில் பார்த்ததே இல்லையே அண்ணா, என்ன சொல்வது? இருக்குதுங்க என்று சொல்லிவிட்டேன்.

படத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு காலும் நேரா ஊணி நிக்கறாரு பாருங்க" என்றார். பிறகு முந்தானையால் துடைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எங்க கெடச்சுதுன்னு மக கேப்பாளுங்க. அது நானில்லேன்னு அவனுக்கு எழுதிப்போடுங்க. உங்க கால்ல வேணா உழுகறேன்" என்று குனியப் போனார். தோளைப் பிடித்து நிறுத்தினேன். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

படத்தைப் படிக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வாங்கிப் போகாத படம் என்று பெருமையாக எழுதினேன், ஏன் வாங்கவில்லை என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்ப முடியாது அண்ணா. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. மடித்து இங்கேயே வைக்கப் போகிறேன். நாளைக்கு வேறு ஒன்று எழுத வேண்டும்.

சாயிரா


கோட்டைமேடு
19.11.1994

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இப்போது தேவலை.

மதுக்கரைக்குப் போய் விசாரித்தேன். அந்தப் படத்தில் இருக்கிறவர்களை அங்கே யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து படத்தை மறுபடியும் நன்றாகப் பார்த்தேன். படம் திரும்பி அச்சாகியிருக்கிறது என்று நான் எழுதியது அவசரத்தில் செய்த தப்பு. சில தையற்காரர்கள் அந்தக் காலத்தில் பாக்கெட்டை வலது பக்கம் வைப்பதும் உண்டாம். அப்படியென்றால் தழும்பு இடது புருவத்தில்தான் இருக்கிறது. அது உங்கள் அக்கா இல்லை. வேறு யாரோ.

உங்களுக்கு ஆசை காட்டிவிட்டேன். பையன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். இனிமேல் இதற்காக அலைய வேண்டாம் அண்ணா.

சாயிரா பானு


தாராபுரம்
20.1.1995

அன்புள்ள தங்கச்சி சாயிரா பானுவுக்கு,

பொங்கல் முடிந்து கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாமியாருக்கு உடம்பு குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தும் இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் சட்டையைப் பார்த்தேன். பீரோவைத் திறந்து அப்பாவுடைய பழைய சட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். அவருக்குத் தைத்தவர்களும் அந்தக் காலத்துத் தையற்காரர்கள்தான். உங்கள் பேரில் சந்தேகம் இல்லை. எனக்கு மனசு அடங்கவில்லை, அவ்வளவுதான். பத்திரிகை வைக்கக் கோயமுத்தூர் வந்தபோது, காந்திபுரத்தில் பஸ் மாறி மதுக்கரைக்கும் போய்வந்தேன்.

டீக்கடையில் ஒரு பெரியவர் இருந்தார். படத்தைக் காட்டினேன். "இதேதாங்க, கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு அம்மாளும் கொண்டாந்து காட்டுனாங்க" என்றார். காரில் வந்த யாரோ காளிச்சாமி என்பவருடைய காலை ஒடித்துப்போட்ட கதையையும் அவரே சொன்னார். கிடைக்கவில்லை என்று எங்கப்பா வந்து சொன்ன அன்றைக்கு நாங்கள் எல்லோரும் முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அது ஞாபகம் வந்தது. டீயைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் யார் என்றும் சொல்லவில்லை.

அப்படியே திரும்பியிருக்கலாம். கால் கேட்கவில்லை. பெரியவர் கை காட்டியிருந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஏனுங்ணா, ஆருங்க வேணும்?"

பஸ் ஏறினதிலிருந்து என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விட்டது. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்னைப் பார்த்து அண்ணா என்பாளா?

"தாகமா இருக்குது, தண்ணி குடுங்க" என்றேன். எழுந்து போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். "மோரும் இருக்குதுங்க, ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளிருந்து பேத்தி போல ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, "ஆரு அம்மாயி இவங்க?" என்றது. "ஆரோ கண்ணு, வெய்யில்ல வந்திருக்கறாங்க பாவம்" என்றார். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு நடந்தேன். தெருமுனை வரைக்கும் வந்திருப்பேன். "ஏனுங்ணா" என்று சத்தம். செருப்புக்கூடப் போடாமல் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"இதைய மறந்துபோட்டுப் போறீங்களே" என்று இரண்டு கையாலும் பத்திரிகையை நீட்டினார். "கல்யாணக் காயிதமாட்ட இருக்குது. ஒறம்பரை ஊட்டுக்கு வெக்கறதுக்குக் கொண்டாந்திருப்பீங்க."

"ஆமாங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

"நல்லபடியா நடக்கட்டுமுங்க" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. திரும்பிப் போய்விட்டார். நான் பஸ் ஏறும் வரைக்கும் அந்தத் தெருவில் வேறு யாரும் வரவில்லை.

ஆகவே நீங்கள் எழுதியதுதான் சரி. படத்தில் இருப்பது என் அக்கா இல்லை. போய் நேரிலேயே கேட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நீங்களும் மனசில் எதையும் வைத்துக்கொண்டு சங்கடப்பட வேண்டாம் தங்கச்சி. இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருந்திருக்காது, நான் செய்யக்கூடியதும் இல்லை.

நீங்கள் கொடுத்த பிரதியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். இனி கண்காட்சி வைக்கும்போது அந்தப் படத்தை வெளியே வைக்காதீர்கள். யாராவது பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டு போய், பாவம், அந்த அம்மாவைத் தொந்தரவு செய்வார்கள்.

அன்புள்ள அண்ணன்,
பொங்கியண்ணன்